மெய்ந்நிகர்ப் பொறியில் நிலைபொருள் கருவிகளை அணுகும் முறை: போலச்செய்தலும் உடன்பாடும்

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் உள்ளே மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணினியே மெய்ந்நிகர்ப் பொறி எனப்படுகிறது. அதில் வட்டு, திரை, வலையட்டை என்று தோன்றுவன யாவும் மென்பொருள் தரும் மறுமொழிகளே. இப்பொறி இயங்கத் தொடங்கும்போது முதலில் செயற்படும் நிலைபொருள், இல்லாத கருவிகளை எவ்வாறு கண்டறிந்து அணுகுகிறது என்பதைக் கியூஎமு என்னும் மென்பொருளைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. 'மெய்ந்நிகர்' என்னும் ஒரே சொல்லால் இன்று குறிக்கப்படும் கருவிகள் தன்மையால் இருவகைப்படும் என்பதையும், பழைய தமிழ் மின்னாவணங்களைக் காக்கும் பணியில் அவ்வேறுபாடு பெறும் இடத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மெய்ந்நிகர்ப் பொறி, நிலைபொருள், போலச்செய்தல், உடன்பாட்டுக் கருவி, கலைச்சொல்லாக்கம், மின்னாவணக் காப்பு

முன்னுரை

கணினியியல் கருத்துகளைத் தமிழில் விளக்கும் முயற்சிகள் பெரும்பாலும் பயன்பாட்டு மென்பொருள் என்னும் மேலடுக்கோடு நின்றுவிடுகின்றன. கணினி இயங்கத் தொடங்கும் முதற்சில நொடிகளில் நிகழ்வன பற்றிய தமிழ் விளக்கங்கள் அரியன. கலைச்சொற்கள் சரியாக அமைந்துள்ளனவா என்பது இத்தகைய அடித்தள விளக்கங்களில்தான் தெளிவாகச் சோதிக்கப்படும். பொருள் விளங்காத இடத்தில் சொல்லின் குறை மறைந்திருக்கும். பொருள் விளங்கும்போது அக்குறை வெளிப்படும். அவ்வகையில், 'மெய்ந்நிகர்' என்னும் சொல் தாங்கும் பொருளை நிலைபொருளின் செயற்பாட்டின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இங்கு வரும் துறை எண்களும் அடையாள எண்களும், வேறுவகையாகச் சுட்டப்படாதவிடத்து, பதின்ம முறையில் தரப்பட்டுள்ளன.

1. சொல்லும் பொருளும்

மெய் + நிகர் என்பது மெய்ந்நிகர் எனப் புணர்ந்தது. தனிக்குறிலை அடுத்த யகரத்தின்முன் மெல்லினம் மிகுதல் நன்னூல் கூறும் விதி. மெய்ஞ்ஞானம் என்பதும் அவ்வாறே அமைந்தது. நிகர் என்பதற்கு ஒப்பு என்பது பொருள். எனவே மெய்ந்நிகர்க் கருவி என்பது உண்மையான கருவிக்கு ஒப்பானது என்று பொருள்படும். ஒப்புமை கூறுவதற்கு ஒப்பிடப்படும் மெய்ப்பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் என்பது இச்சொல்லின் உட்கிடை.

மெய்ந்நிகர்ப் பொறிக்கு முறையான இலக்கணம் வகுத்த போப்பெக், கோல்ட்பெர்க் ஆகியோரின் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையும் இதே கருத்தையே முதற்பண்பாக வைக்கிறது. உண்மைப் பொறியில் ஒரு நிரல் எவ்வாறு நடந்துகொள்ளுமோ, நேரத்தாலும் வளங்களின் அளவாலும் நேரும் வேறுபாடு நீங்கலாக, அவ்வாறே மெய்ந்நிகர்ப் பொறியிலும் நடந்துகொள்ள வேண்டும் என்பது அப்பண்பு. திறம்படச் செயற்படுதல், வளங்களின் மேல் முழுக் கட்டுப்பாடு உடைமை ஆகியன ஏனைய இரு பண்புகள். தமிழ்ச் சொல்லில் உள்ள 'நிகர்' முதற்பண்பைச் செவ்வனே தாங்குகிறது. ஆயினும் இன்றைய மெய்ந்நிகர்ப் பொறியில் உள்ள கருவிகள் அனைத்துக்கும் அது பொருந்துமா என்பது வினா.

நிலைபொருள் என்பது ஃபர்ம்வேர் என்பதற்கு வழங்கும் தமிழ்ச்சொல். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்ட ஒன்றைக் குறிக்க ஆஷர் ஓப்லர் 1967இல் ஆங்கிலச் சொல்லை ஆக்கினார். அவர் கருதியது செயலியின் உள்ளே அமையும் நுண்ணிரலை. இன்று அச்சொல், கருவியோடு பிரியாது நிலைத்திருக்கும் தொடக்க நிரலையும் குறிக்கிறது. தமிழ்ச்சொல்லின் 'நிலை' இவ்விரிந்த பொருளுக்கு இயல்பாக ஒத்துவருகிறது.

2. முதல் ஆணை

மின்விசை பெற்றவுடன் எக்ஸ்86 வகைச் செயலி, நினைவக முகவரிகளில் 4 ஜிகாபைட்டு எல்லைக்கு 16 பைட்டு கீழே உள்ள இடத்திலிருந்து முதல் ஆணையைப் பெறுகிறது. மெய்யான கணினியில் அவ்விடத்தில் நிலைபொருள் எழுதப்பட்ட சில்லு இருக்கும். ஃபாப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமுவில் சில்லு இல்லை. புரவலர் கணினியின் வட்டில் உள்ள ஒரு கோப்பு, விருந்தினர் பொறியின் அம்முகவரியில் பொருத்தி வைக்கப்படுகிறது. இடமளிக்கும் உண்மைக் கணினி புரவலர் எனவும், அதனுள் இயங்குவது விருந்தினர் எனவும் இங்குக் குறிக்கப்பெறும். அக்கோப்பு பழைய பயாஸ் மரபில் வந்த சீபயாஸாக இருக்கலாம்; யூஈஎஃப்ஐ மரபில் வந்த ஓவிஎம்எஃப் ஆகவும் இருக்கலாம்.

மெய்யான கணினியில் நிலைபொருளின் கடினமான பணிகளுள் ஒன்று நினைவகத்தைப் பயன்பாட்டுக்குக் கொணர்தல். நினைவகச் சில்லுகளின் மின்னழுத்தமும் நேர இடைவெளியும் சரிசெய்யப்படும்வரை நினைவகம் இருந்தும் இல்லாததே. மெய்ந்நிகர்ப் பொறியில் இப்பணி தேவையில்லை. முதல் நொடியிலேயே நினைவகம் பயன்பாட்டுக்குரியது. எனினும் சடங்கு முற்றும் நீங்கிவிடவில்லை. கியூஎமு வழங்கும் பொறி வகைகளுள் ஒன்று, இன்டெல் நிறுவனம் 1996இல் வெளியிட்ட 440எஃப்எக்ஸ் சில்லுத் தொகுதியைப் போலச் செய்வது. அத்தொகுதியில் பயாஸ் தங்கும் பகுதியில் எழுத வேண்டுமானால் குறிப்பிட்ட சில பதிவகங்களைத் திறத்தல் வேண்டும். சீபயாஸும் அப்பதிவகங்களைத் திறந்தபின்னரே அப்பகுதியில் எழுதுகிறது. பூட்டு மெய்யன்று, ஆயினும் திறக்காமல் நுழைய இயலாது.

3. அணுகுதல் என்னும் நிகழ்வு

செயலி புறக்கருவியை அணுகுவதற்கு இருவழிகள் உண்டு. ஒன்று, போர்ட் எனப்படும் உள்ளீட்டு வெளியீட்டுத் துறை எண்ணுக்கு மதிப்பை எழுதுவதும் அதிலிருந்து படிப்பதும். மற்றொன்று, நினைவக முகவரிகளுள் ஒரு பகுதியைக் கருவிக்கு ஒதுக்கி, நினைவகத்தைப் படிப்பதுபோலவே கருவியைப் படிப்பது. இரண்டிலும் நிலைபொருள் காண்பது எண்களை மட்டுமே. கருவியின் உருவையோ இயக்கத்தையோ அது காண்பதில்லை. குறிப்பிட்ட எண்ணுக்குக் குறிப்பிட்ட வரிசையில் குறிப்பிட்ட மறுமொழி வருமாயின், அதுவே நிலைபொருளுக்குக் கருவி.

மெய்ந்நிகர்மையின் அடித்தளம் இதுவே. விருந்தினர் பொறியில் துறையைப் படிக்கும் ஆணை வந்தவுடன் செயலி அப்பொறியை நிறுத்தி, ஆட்சியைப் புரவலரிடம் ஒப்படைக்கிறது. லினக்ஸ் கருவகத்தில் 2007இல் இணைந்த கேவிஎம் என்னும் பகுதி அந்நிறுத்தத்தை ஏற்று, 'இன்ன துறை, இன்ன அளவு, படிப்பு' என்ற செய்தியைக் கியூஎமுவுக்குத் தருகிறது. கியூஎமு உரிய மறுமொழியைக் கணித்துத் தருகிறது. விருந்தினர் பொறி விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இடையில் நிகழ்ந்ததை நிலைபொருள் உணர்வதில்லை. அதன் நோக்கில் ஓர் ஆணை நிறைவேறியது, அவ்வளவே. ஆனால் இவ்வாறு வெளியேறி மீளும் ஒவ்வொரு முறையும் நேரச்செலவு மிகுதி. பின்னர்க் கூறப்படும் வேறுபாட்டுக்கு இச்செலவே காரணமாகும்.

4. கேட்டறியும் வாயில்

மெய்யான நிலைபொருள் ஒரு குறிப்பிட்ட தாய்ப்பலகைக்கென எழுதப்படுவது. தன் சூழலை அது பெரும்பாலும் முன்னரே அறியும். மெய்ந்நிகர்ப் பொறியின் அளவோ ஒவ்வொரு முறையும் மாறக்கூடியது. நினைவகம் எவ்வளவு, எந்த வட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்பனவற்றைப் பயனர் அவ்வப்போது முடிவு செய்கிறார். இதனை நிலைபொருளுக்கு அறிவிக்கக் கியூஎமு ஒரு தனி வாயிலை அமைத்துள்ளது. எஃப்டபிள்யூ கான்ஃபிக் என்பது அதன் பெயர்.

எக்ஸ்86 பொறியில் 1296ஆம் துறை தேர்வுக்குரியது; 1297ஆம் துறை படிப்புக்குரியது. நிலைபொருள் முதல் துறையில் உருப்படி எண்ணை எழுதுகிறது; பின் இரண்டாம் துறையை மீண்டும் மீண்டும் படிக்க, அவ்வுருப்படியின் பைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சுழியம் என்னும் உருப்படியைக் கேட்டால் கியூஎமு என்னும் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துகள் மறுமொழியாகக் கிடைக்கும். 25ஆம் உருப்படி பொருளடக்கம் போன்றது. முதல் நான்கு பைட்டுகளில் கோப்புகளின் எண்ணிக்கையும், அதனை அடுத்து ஒவ்வொரு கோப்புக்கும் 64 பைட்டு அளவிலான பதிவும் உள்ளன. அப்பதிவில் கோப்பின் அளவும் தேர்வெண்ணும் பெயரும் அடங்கும். நினைவக வரைபடம், தொடக்க வரிசை, இயங்குதளத்துக்குரிய வன்பொருள் அட்டவணைகள் ஆகியன இவ்வாறு பெறப்படுகின்றன.

இவ்வாயிலுக்கு ஒத்த மெய்க்கருவி உலகில் எங்கும் செய்யப்பட்டதில்லை. இது எதற்கும் நிகரன்று. கியூஎமுவை எழுதியோரும் நிலைபொருளை எழுதியோரும் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடே கருவியாக நிற்கிறது. 'மெய்ந்நிகர்' என்னும் சொல் இடறும் முதல் இடம் இது.

5. கணக்கெடுப்பு

அடுத்து நிலைபொருள் பிசிஐ என்னும் இணைப்புத்தடத்தில் உள்ள கருவிகளைக் கணக்கெடுக்கிறது. ஒரு தடத்தில் 32 கருவியிடங்கள். ஒவ்வொன்றிலும் 8 செயற்கூறுகள் வரை அமையலாம். 3320ஆம் துறையில் முகவரியை எழுதி 3324ஆம் துறையைப் படித்தால், அவ்விடத்தில் உள்ள கருவியின் ஆக்கியோர் எண்ணும் கருவி எண்ணும் கிடைக்கும். கருவி இல்லையெனில் ஆக்கியோர் எண்ணாக 65535 வரும். 440எஃப்எக்ஸ் போலச் செய்யப்பட்ட பொறியில் முதல் இடத்தைக் கேட்டால் 32902, 4663 என்னும் எண்கள் கிடைக்கின்றன. முன்னது இன்டெலைக் குறிக்கும். பின்னது அச்சில்லுத் தொகுதியைக் குறிக்கும்.

கருவிக்கு எவ்வளவு முகவரிப் பரப்பு வேண்டும் என்பதை அறியும் முறை நயமானது. கருவியின் முகவரிப் பதிவகத்தில் எல்லா இருமங்களையும் ஒன்றாக எழுதி, மீண்டும் படிக்க வேண்டும். கருவி தன் தேவைக்கேற்பக் கீழ் இருமங்களை ஏற்க மறுத்துச் சுழியமாகவே காட்டும். ஏற்காத இருமங்களின் எண்ணிக்கையிலிருந்து வேண்டிய பரப்பின் அளவு கணிக்கப்படுகிறது. பின்னர் நிலைபொருள் ஒவ்வொரு கருவிக்கும் ஓரிடத்தை ஒதுக்குகிறது. மெய்யான கணினிக்கும் மெய்ந்நிகர்ப் பொறிக்கும் இம்முறையில் வேறுபாடு இல்லை.

6. வட்டைப் படித்தலில் இருவேறு முறைகள்

கணக்கெடுப்பு முடிந்தபின் இயங்குதளத்தைத் தேடி வட்டைப் படிக்க வேண்டும். இவ்விடத்தில்தான் இருவகைக் கருவிகளும் தெளிவாகப் பிரிகின்றன.

முதல்வகை, பழைய ஐடிஈ வட்டினைப் போலச் செய்வது. 512 பைட்டு கொண்ட ஒரு வட்டுக்கூறினைப் படிக்க நிலைபொருள் 498 முதல் 502 வரையிலான துறைகளில் கூறுகளின் எண்ணிக்கையையும் இடத்தையும் எழுதுகிறது. 503ஆம் துறையில் 32 என்னும் படிப்பாணையை இடுகிறது. அதே துறையைப் படித்து வட்டு ஆயத்தமாகும்வரை காத்திருக்கிறது. பின் 496ஆம் துறையிலிருந்து இரண்டிரண்டு பைட்டுகளாக 256 முறை படிக்கிறது. தொடர்வாசிப்பு ஆணைகளால் வெளியேற்றங்களைக் குறைக்க வழியுண்டு எனினும், நெறிமுறை முழுவதும் சுழலும் தகடு ஒன்றுக்கென வகுக்கப்பட்டதே. இங்கே தகடும் இல்லை, சுழற்சியும் இல்லை.

இரண்டாம் வகை, ரஸ்டி ரஸ்ஸல் முன்வைத்து 2008இல் கட்டுரையாக விளக்கிய விர்ட்ஐஓ. இவ்வகைக் கருவி தன் ஆக்கியோர் எண்ணாக 6900 என்பதைக் காட்டும். நிலைபொருள் முதலில் நிலைப்பதிவகத்தில் சுழியத்தை எழுதிக் கருவியை மீளமைக்கிறது. பின்பு 'கண்டுகொண்டேன்', 'இயக்கத் தெரியும்' என்பனவற்றைக் குறிக்கும் இருமங்களை முறையே இடுகிறது. கருவி தன்னால் இயலும் சிறப்புக்கூறுகளின் பட்டியலைக் காட்ட, நிலைபொருள் அவற்றுள் தனக்கு வேண்டியவற்றை மட்டும் ஏற்றுக்கொள்கிறது. இருதரப்பும் ஒத்துக்கொண்டபின் நினைவகத்தில் ஒரு வரிசை அமைக்கப்படுகிறது. அவ்வரிசைக்கு மூன்று உறுப்புகள்: வேண்டுகோள் இருக்கும் இடங்களை விவரிக்கும் அட்டவணை, நிலைபொருள் ஒப்படைத்தவற்றின் பட்டியல், கருவி முடித்துத் தந்தவற்றின் பட்டியல்.

வட்டைப் படிக்க மூன்று விவரிப்புகள் போதும். வேண்டுகோளின் வகையும் கூறெண்ணும் அடங்கிய 16 பைட்டுத் தலைப்பு. தரவு வந்து சேர வேண்டிய இடம். முடிவைக் குறிக்கும் ஒரு பைட்டு. இவற்றை நினைவகத்தில் எழுதிவிட்டு, அறிவிப்புப் பதிவகத்தை ஒருமுறை தொட்டால் போதும். அம்மூன்றாம் பட்டியல் வளர்ந்ததா என்று நிலைபொருள் மீண்டும் மீண்டும் பார்த்துக் காத்திருக்கிறது. முடிவுப் பைட்டில் சுழியம் இருப்பின் படிப்பு நிறைவேறியது. ஒரு கூறாயினும் பல கூறுகளாயினும் அறிவிப்பு ஒன்றே. முன்னர்க் கூறிய வெளியேற்றச் செலவு இதனால் பெரிதும் குறைகிறது.

முதல்வகை, முன்பே உள்ள ஒரு பொருளின் நடத்தையைப் பின்பற்றுவது. அதனைப் போலச்செய்த கருவி எனலாம். இலக்கியத் திறனாய்வில் பயின்றுவரும் போலச்செய்தல் என்னும் சொல் இங்கும் தகும். இரண்டாம் வகை எதனையும் பின்பற்றுவதன்று. இருதரப்பும் ஏற்ற நெறியே அதன் இருப்பு. அதனை உடன்பாட்டுக் கருவி எனலாம். மெய்ந்நிகர் என்னும் சொல்லை இரண்டுக்கும் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, அதன் கீழ் இவ்விரு வகைச் சொற்களையும் வழங்குவது பொருள்மயக்கத்தைத் தவிர்க்கும்.

7. மொழிபெயர்ப்பாளராக நிலைபொருள்

உடன்பாட்டுக் கருவியை, அவ்வுடன்பாட்டை அறியாத பழைய மென்பொருள் பயன்படுத்த இயலுமா? இயலும், அதற்கு நிலைபொருளே வழி. டாஸ் இயங்குதளம் வட்டைப் படிக்கப் பெரும்பாலும் பயாஸின் உதவியையே நாடுகிறது. பதினறும முறையில் 13, பதின்ம முறையில் 19 என எண்ணப்படும் குறுக்கீட்டின் வழியே அவ்வேண்டுகோள் நிகழ்கிறது. சீபயாஸ் அவ்வேண்டுகோளைப் பெற்று, அடியில் விர்ட்ஐஓ வட்டு இருப்பின் அதன் வரிசைக்கேற்ப மாற்றி அனுப்புகிறது. விர்ட்ஐஓ தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னர் எழுதப்பட்ட இயங்குதளம், அதனைப் பற்றி ஏதும் அறியாமலேயே அதிலிருந்து தொடங்குகிறது.

திரையைப் பொறுத்தவரை நிலைமை வேறு. டாஸில் தமிழ் எழுத்துருக்கள் இல்லை. எனவே டாஸில் இயங்கிய தமிழ்ச் செயலிகள் தமக்குரிய எழுத்து வடிவங்களைத் தாமே கொணர வேண்டியிருந்தது. திரைநினைவகத்திலும் திரைச்சில்லின் பதிவகங்களிலும் நேரடியாக எழுதும் நிரலுக்குப் பயாஸின் மொழிபெயர்ப்பு துணைசெய்யாது. அங்குப் பழைய திரையட்டையைப் போலச்செய்த கருவியே வேண்டும். இவற்றிலிருந்து ஒரு பொதுவிதி பெறப்படுகிறது: மென்பொருள் நேரே தொடும் அடுக்கில் போலச்செய்தல் இன்றியமையாதது, இடையில் மொழிபெயர்ப்பு உள்ள அடுக்கில் உடன்பாடே போதும்.

இவ்விதி தமிழாய்வுக்குப் புறம்பானதன்று. தமிழ் 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றது. ஆயினும் அதன் பின்னரும் பல ஆண்டுகள் வெவ்வேறு எட்டிருமக் குறியேற்றங்களே நடைமுறையில் இருந்தன. 1999ஆம் ஆண்டுத் தமிழிணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் ஆகியன தரப்படுத்தப்பட்டன. ஆவணப்படுத்தப்பட்ட குறியேற்றங்களை ஒருங்குறிக்கு மாற்றுதல் எளிது. குறியேற்ற அட்டவணை கிடைக்காத தனிச் செயலிகளில் உருவான கோப்புகளுக்கோ, அவற்றை உருவாக்கிய செயலியை இயக்கித் திரையில் காண்பதே நம்பகமான வழி. நெகிழ்வட்டுகளும் அவற்றைப் படிக்கும் கருவிகளும் அழிந்துவரும் நிலையில், அச்செயலியை இயக்க மெய்ந்நிகர்ப் பொறியே எஞ்சும் இடம். எனவே அத்தகைய கோப்புகளைக் காக்க முனையும் நூலகம் கோப்பை மட்டும் படியெடுத்து வைத்தல் போதாது. செயலி, இயங்குதளம், நிலைபொருள், பொறியின் அமைப்பு விவரம் ஆகிய நான்கையும் உடன்சேர்த்துக் காத்தல் வேண்டும்.

8. நம்பிக்கையின் எல்லை

இருவகைக் கருவிகளும் இடர் அற்றவை அல்ல. போலச்செய்த கருவி பழைய சில்லின் சிக்கலையும் உடன்சுமக்கிறது. கியூஎமுவின் நெகிழ்வட்டுக் கட்டுப்படுத்தியில் இருந்த ஒரு பிழை 2015 மே மாதத்தில் வெளிப்பட்டது. வெனம் எனப் பெயர்பெற்ற அப்பிழையால், விருந்தினர் பொறியில் உள்ளவர் இடையகத்தின் எல்லையை மீறி எழுதிப் புரவலர் கணினியை அடைய வழி இருந்தது. நெகிழ்வட்டைப் பயன்படுத்தாத பொறிகளும் அதனால் பாதிக்கப்படக்கூடியனவாக இருந்தன. காக்க வேண்டிய பழைய கருவியே காவலின் ஓட்டையாகவும் ஆகலாம் என்பதற்கு இது சான்று.

உடன்பாட்டுக் கருவியில் வினா வேறு. நிலைபொருள் புரவலர் தரும் மறுமொழிகளை நம்பியே இயங்குகிறது. அவற்றைச் சரிபார்க்கும் வேறு வழி வழக்கமான அமைப்பில் இல்லை. ஏஎம்டி நிறுவனத்தின் எஸ்ஈவி போன்ற முறைகள் விருந்தினரின் நினைவகத்தைப் புரவலரிடமிருந்தும் மறையாக்கம் செய்கின்றன. அப்போது விர்ட்ஐஓ வரிசை மறையாக்கம் இல்லாத பொதுப்பகுதியில் வைக்கப்பட வேண்டும். இல்லையெனில் கருவியால் அதனைப் படிக்க இயலாது. ஓவிஎம்எஃப் தரவை அப்பொதுப்பகுதிக்குப் படியெடுத்து அனுப்புகிறது. எதனைப் பகிர்வது, எதனை மறைப்பது என்பதும் உடன்பாட்டின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

முடிவுரை

நிலைபொருள் மெய்ந்நிகர்ப் பொறியில் அணுகுவது எண்களுக்கு வரும் மறுமொழிகளின் ஒழுங்கினை மட்டுமே. அவ்வொழுங்கு முன்பிருந்த ஒரு பொருளைப் பின்பற்றின் அது போலச்செய்த கருவி. இருதரப்பின் ஏற்பிலிருந்து பிறப்பின் அது உடன்பாட்டுக் கருவி. கணினி அறிவியல் பாடநூல்களிலும் கலைச்சொல் தொகுதிகளிலும் இவ்விரண்டும் தனித்தனியே இடம்பெறல் வேண்டும். பழைய தமிழ்ச் செயலிகளைக் காக்கும் பணியில் முதற்கண் தெரிய வேண்டுவது, அச்செயலி எந்த அடுக்கை நேரே தொட்டது என்பதே. அதனை அறிந்த பின்னரே எந்தக் கருவியைப் போலச் செய்ய வேண்டும், எதனை நிலைபொருளின் மொழிபெயர்ப்புக்கு விடலாம் என்பதை முடிவு செய்ய இயலும். டாஸ் காலத் தமிழ்ச் செயலிகளை அவ்வாறு ஒவ்வொன்றாக ஆராய்ந்து, அவை தொட்ட அடுக்குகளைப் பதிவு செய்தல் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.